டேங்க்கின் உட்சுவர்: துரு, பூச்சு, உழைப்பு – சில குறிப்புகள்

பெட்ரோலின் வரலாறாக நமக்குச் சொல்லப்படுவது எண்ணெய்க் கிணறுகள், கம்பெனிகள், யுத்தங்கள், விலையேற்றம் ஆகியவற்றின் வரலாறுதான். அந்தப் பெட்ரோல் கடைசியாக வந்து தங்குகிற இரும்புத் தகட்டுக்கு இக்கதையாடலில் இடமில்லை. மோட்டார் சைக்கிள் டேங்க்கின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது ஒரு சில்லறை வேலையாக, வரலாற்றுக்கு வெளியே கிடப்பதாகவே கருதப்படுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்திலும் அமைச்சரவையிலும் எடுக்கப்பட்ட எரிபொருள் முடிவுகள் அந்தத் தகட்டின்மேல்தான் படிந்திருக்கின்றன. அதைச் சுரண்டி எடுப்பவர் பட்டறைத் தொழிலாளி. அவருடைய வேலையின் பக்கம் நின்று இந்த வரலாற்றை வாசித்தால் என்ன தெரியவரும் என்பதே இங்கு கேள்வி.

1

பெட்ரோல் இரும்பைத் தின்பதில்லை, தண்ணீர்தான் தின்கிறது. பாதி காலியான டேங்க்கில் மேல்பாதி காற்று. இரவுக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்துக் கீழே வடிகிறது. பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திப்போட்ட வண்டியில் துரு தொடங்குவது இப்படித்தான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பொருக்காக எழும்பி உதிரும். பெட்ரோல் டேப்பின் சல்லடையிலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் போய் அடைக்கும். வண்டி நடுரோட்டில் நிற்கும்.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த புல்லட்டுகள் இன்னும் ஓடுகின்றன. இத்தகைய பழைய வண்டிகளின் டேங்க்குக்கு சுலபமான வைத்தியமாகச் சொல்லப்படுவது உட்பூச்சு. "உள்ள கோட்டிங் அடிச்சிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல" என்பதுதான் விற்பனைச் சொல்லாடல். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, டேங்க்கை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்துக் காயவைத்தால் வேலை முடிந்தது. ஆனால் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுசாக எடுக்காமல் ஊற்றினால் பூச்சு இரும்பைப் பிடிக்காது, துருவைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் துரு தன்பாட்டுக்கு வேலை செய்யும். சில வருஷத்தில் பூச்சு கொப்புளித்து ஏடு ஏடாக உரியும். முன்பு துரு மட்டும் அடைத்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் ஏடும் சேர்ந்து அடைக்கும்.

2

உட்பூச்சு நமக்குப் புதிதல்ல. புளி பட்டால் பித்தளை களிம்பேறும் என்பதால் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள். தெருவில் குரல் கொடுத்து வருகிறவர் பாத்திரத்தைத் தேய்த்து, துருத்தி ஊதிய நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தடவித் துணியால் பரப்புவார். தேய்ந்துபோனால் மறுபடியும் பூசவேண்டும். பூசுகிறவருக்கும் வீட்டுப் பெண்களுக்கும் அது தெரியும். பூச்சு தோற்கும் என்ற அறிவு அந்த உறவுக்குள்ளேயே இருந்தது. பழையதை எப்படி எடுப்பது என்பது பூசத் தெரிந்தவருக்கே தெரிந்தது.

டேங்க் பூச்சின் கதை வேறு. அது ஒருமுறை வாங்கும் நிரந்தரமாக விற்கப்படுகிறது. நிரந்தரம் என்று சொல்லிவிட்டபின் அதை எடுப்பது பற்றிப் பேச வேண்டியதில்லை. தோற்கும் நாளில் அந்தப் பொறுப்பு, தயாரித்தவரிடமிருந்து நழுவி, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறவரின் கைக்கு வந்துசேர்கிறது.

3

மறைத்துப் பூசுவது டேங்க்கோடு நிற்கவில்லை. எரிபொருளுக்குள்ளேயும் அது நடந்தது. 1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் என்ஜின் தட்டுவது நிற்கிறது என்று கண்டார். ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யாரும் வடித்துக்கொள்ளலாம். தனியுடைமை ஆக்குவது கடினம். ஈயக் கலவைக்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்கிற சொல்லே பெயரில் இல்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் 5 பேர் சித்தம் கலங்கிச் செத்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் உலகம் முழுக்க அது விற்றது. இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் மட்டும் என்றானது 2000 பிப்ரவரியில்.

ஒதுக்கப்பட்ட ஆல்கஹால் வேறு வழியில் திரும்பி வந்தது. பெட்ரோலில் ஆல்கஹால் கலக்க இந்தியாவில் 1948லேயே ஒரு சட்டம் இருந்தது. 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022இல் அது 10 விழுக்காடாயிற்று. 20 விழுக்காட்டுப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. பழைய வண்டிக்காரர்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஈயத்தோடு ஒப்பிட எத்தனால் எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓர் அளவு வரை கலந்து வைத்திருக்கும். அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிக்கலவை இரும்பை அரிக்கும். எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய பூச்சுகள் இளகிக் குழையும். கரும்பு விவசாயி, அந்நியச் செலாவணி, சுற்றுச்சூழல் என்று நடந்த விவாதங்களில் இந்தப் பழைய டேங்க்குகள் ஓரமாகவே வந்தன. அவற்றைக் கழுவுகிற கைகள் வரவேயில்லை.

4

அந்தக் கைகளின் வேலையைப் பார்ப்போம். துருவைக் கரைக்கும் அமிலம் பூச்சைத் தொடாது. ஆகவே முதலில் பூச்சு, பிறகு துரு. சில பூச்சுகள் அசிட்டோனிலோ அதன் இனத்தைச் சேர்ந்த கரைப்பான்களிலோ இளகும். இறுகிய எப்பாக்சிக்கு அது போதாது; பெயிண்ட் உரிக்கும் திரவம் வேண்டும். அதில் பல காலமாக முக்கியச் சரக்கு மெத்திலீன் குளோரைடு. மூச்சு வழியே உள்ளே போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பூச்சை உரித்த தொழிலாளர்கள் 2000க்கும் 2011க்கும் இடையில் குறைந்தது 13 பேர் இதனால் இறந்தார்கள். 2019இல் அங்கே பெயிண்ட் உரிக்கப் பொதுமக்களுக்கு அதை விற்பது தடை செய்யப்பட்டது.

உரிந்த பூச்சை வெளியே எடுக்க நட்டு, போல்ட்டு, செயின் துண்டு போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு துருவுக்குக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுவது பரவலான பழக்கம். வேகமாகத் துருவைத் தின்னும். விட்டால் இரும்பையும் தின்னும். அதன் ஆவி தொண்டையை எரிக்கும். பாஸ்பாரிக் அமிலம் நிதானமானது. ஒரு பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்லும். சலவைச் சோடாக் கரைசலில் இரும்புக் கம்பியை நேர்முனையாகவும் டேங்க்கை எதிர்முனையாகவும் வைத்து மின்சாரம் விடுவது இன்னும் மெதுவானது; இரும்பைத் தின்னாது, ஆனால் ஹைட்ரஜன் கிளம்பும், வெட்டவெளியில்தான் செய்யவேண்டும். எதைச் செய்தாலும் கழுவி முடித்த வெற்று இரும்பு சில நிமிஷத்தில் மஞ்சளாகும். உடனே காயவைத்து எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிட வேண்டும். காலி டேங்க்கைப் பற்றவைப்பது மிக ஆபத்தானது: மிச்ச ஆவி போதும், வெடிக்க.

இந்த வரிசை, இந்தக் கணக்கு, எங்கே நிறுத்தவேண்டும் என்கிற கண்பார்வை எல்லாம் சேர்ந்ததுதான் பட்டறை அறிவு. அதை 'கைப்பழக்கம்' என்று சுருக்கி, அறிவு என்ற சொல்லை ஆய்வுக்கூடத்துக்கு ஒதுக்கிவைத்தது யார்? டில்லி இரும்புத் தூண் 1600 வருஷமாகத் துருவைத் தாங்கி நிற்பதற்குப் பாஸ்பரஸ் மிகுந்த அந்த இரும்பின்மேல் படிந்த பாஸ்பேட் படலம் காரணம் என்கிறது ஆய்வு. தூணில் அரசன் பெயர் உண்டு. உருக்கியவர்கள் பெயர் இல்லை.

5

ஆல்கஹால் சட்டம் வந்த அதே 1948இல்தான் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. மின்விசை உள்ள இடத்தில் 10 தொழிலாளிகள் இருந்தால்தான் அது பொருந்தியது. 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. இரண்டு பேர் வேலை செய்கிற பட்டறை இரண்டுக்கும் வெளியே. எரிபொருளை மாற்றும் சட்டத்துக்கு அந்தப் பட்டறை கட்டுப்பட்டது. தொழிலாளியைக் காக்கும் சட்டத்துக்கு அது கண்ணிலேயே படவில்லை.

ஆகவே கோரிக்கைகளை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பூச்சு விற்கிறவர், அது எந்த எரிபொருளைத் தாங்கும், தோற்றால் எதைக்கொண்டு எடுப்பது என்பதைத் தமிழில் டப்பாமேல் எழுதட்டும். கரைப்பானுக்கும் அமிலத்துக்கும் உரிய கையுறை, முகமூடி பற்றி விற்கும் இடத்திலேயே சொல்லப்படட்டும். கழிவை ஊற்றச் சாக்கடையைத் தவிர வேறோர் இடம் ஏற்படுத்தப்படட்டும். எரிபொருளை மாற்றும் முன் பட்டறைத் தொழிலாளிகளிடமும் கருத்துக் கேட்கட்டும். இவை சின்ன விஷயங்கள் என்று தோழர்கள் நினைக்கலாம். ஈயத்தையும் 1924இல் சின்ன விஷயம் என்றுதான் சொன்னார்கள்.