லைப்சிக் கிங்ஸ்: தற்காப்பு வரிசையில் வேகமும் கனமும்

லைப்சிக் கிங்ஸ், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து லைப்சிக் நகரில் 2021 முதல் 2023 வரை இயங்கிய அமெரிக்கக் கால்பந்து அணி. எட்டு அணிகளோடு 2021-இல் தொடங்கிய ஐரோப்பிய கால்பந்து லீகின் முதல் அணிகளுள் ஒன்று. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900-இல் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆகவே அங்கே ‘கால்பந்து’ என்றால் காலால் உதைப்பதுதான், நீள்வட்டப் பந்து விருந்தாளி. கிங்ஸ் பின்னாளில் ஆடிய புரூனோ பிளாகே அரங்கமும் லோகோமோட்டிவ் லைப்சிக் கால்பந்து அணியின் வீடே. இப்படிப்பட்ட ஊரில் ஓர் அணியைக் கட்டும்போது எழும் பழைய கேள்வி ஒன்று உண்டு: எறிபந்தைக் கெடுக்க, அதை எறியும் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிப்பவர்களுக்கு எத்தனை இடம், பந்தோடு ஓடி வருபவரை மறிப்பவர்களுக்கு எத்தனை இடம்?

லீகின் விதியே இக்கேள்வியைக் கூர்மையாக்கியது. அப்போது ஓர் அணி அமெரிக்க வீரர் நால்வரை வைத்துக்கொள்ள முடிந்தது. களத்தில் ஒரே நேரத்தில் இருவர்தான். நால்வரில் ஓரிடம் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குக்குப் போய்விடும். தற்காப்புக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. அந்த இடத்தை விரட்டுபவருக்கே தர வேண்டும்; ஆனால் உள்ளூர் ஆட்களால் நடுவரிசை முதலில் அடைபட்டிருந்தால்தான் அந்தச் செலவு பயன் தரும். காரணம், இரண்டு வேலைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஓட்டத்தை மறிப்பது கூட்டு ஒழுங்கு: தற்காப்பின் முன்வரிசை ஏழு பேரும் அவரவர் இடைவெளியை விட்டு நகராமல் இருந்தால் போதும், அதைப் பயிற்சியில் ஊட்டலாம். நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் எதிரணியின் இருவரைத் தன்மேல் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாலே கடமை முடிந்தது. புள்ளிவிவரத் தாளில் அவர் பெயர் வராது. ஓரத்தில் நிற்பவரின் கதை வேறு. ஒரு கையைப் புல்லில் ஊன்றி, பந்து அசைந்த கணத்தில் பாய்ந்து, தன்னைவிடக் கனத்த ஆளின் தோளுக்கடியில் வளைந்து இரண்டு மூன்று விநாடிக்குள் குவார்ட்டர்பேக்கை எட்ட வேண்டும். அந்த முதல் எட்டின் வேகத்தைப் பெரிதாகச் சொல்லித் தர முடியாது.

ஓட்டத்தால் ஆட்டம் வெல்வது அரிது, எறிதலே யார்டு தருகிறது. பிறகு மறிப்பவருக்கு எதற்கு இத்தனை மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம். அமெரிக்காவின் NFL லீகில், 2006-இன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் ட்வைட் ஃப்ரீனி, ராபர்ட் மேத்திஸ் என்ற இரு பெரும் விரட்டுநர்கள் இருந்தார்கள். ஆனால் எதிரணிகளை ஆட்டத்துக்குச் சராசரியாக 173 யார்டு ஓடவிட்டு, 32 அணிகளில் கடைசி இடம். ஜாக்சன்வில் அணி ஒரே ஆட்டத்தில் 375 யார்டு ஓடியது. அப்படியும் அவர்கள் 12 ஆட்டங்களை வென்றார்கள், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் வென்றார்கள். மறிப்பு வீண் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் கோப்பைக்கான சுற்றில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பருவத்தின் நடுவே வாங்கிய கனத்த ஆள் ஆந்தனி மெக்ஃபார்லண்ட் நடுவரிசையில் இருந்தார், காயத்திலிருந்து தற்காப்பாளர் பாப் சாண்டர்ஸ் திரும்பியிருந்தார். அதே தற்காப்பு கன்சாஸ் சிட்டியின் ஓட்டத்தை 44 யார்டுக்குள் அடக்கியது. ஓட்டை அடைபட்ட பிறகே கோப்பை வந்தது.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கூடுதல் ஆள் எவரையும் அனுப்பாமலே கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக்கை ஆறு முறை வீழ்த்தி 40–22 என வென்றது; நான்கு விரட்டுநர் போதுமே என்பது அடுத்த வாதம். போதும்தான். ஆனால் இடைவேளையில் கணக்கு 24–0. பின்தங்கியவர் எறிந்தே ஆக வேண்டும். விரட்டுபவருக்கு விருந்து எப்போதும் பிறர் சமைப்பதுதான். பத்து யார்டு கடப்பதற்கான முதல் முயற்சியில் (டவுன்) எதிரணி ஆறு யார்டு ஓடிவிட்டால் அடுத்து ஓடலாம், எறியலாம். ஓரத்து ஆளின் வேகம் பாதி வீணாகிறது. ஒரு யார்டில் நிறுத்தினால் மிச்சம் ஒன்பது. எறிவது தவிர வழி குறைவு, ஓரத்து ஆளுக்கும் அது தெரியும்.

லைப்சிக் போன்ற அணிக்கு நான்கு இடம் மட்டுமல்ல, பணமும் அளவுதான். பணச் சிக்கலால் 2023 ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே கிங்ஸ் லீகிலிருந்து விலகியது.