பார்வைத் தூண்டல் மின்பதிவு

கண்முன் காட்டப்படும் ஒளிக்கோ வடிவத்துக்கோ மூளை எழுப்பும் மின் எதிர்வினையை, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே அளக்கும் சோதனை இது. மருத்துவமனைகளில் ‘விஇபி டெஸ்ட்’ என்றே வழங்குகிறது. விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியாகப் பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணிக்குச் செய்தி போய்ச் சேருகிறதா, உரிய நேரத்தில் சேருகிறதா என்பதை நோயாளி வாய் திறந்து எதுவும் சொல்லாமலே இது காட்டிவிடும்.

செய்முறை

பரவலாகப் பயன்படும் முறையில், திரையில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரியும். நொடிக்கு இரண்டு முறை கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும். திரையின் மொத்த வெளிச்சம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாறுவது கட்டங்களின் விளிம்புகள் மட்டுமே. முறையின் உயிர்நாடி இதுதான். பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் வெறும் வெளிச்சத்தைவிட விளிம்புகளுக்கும் கோடுகளுக்கும் வலுவாகத் துடிக்கின்றன என்பதை டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1959 முதல் பூனைகளிடம் காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஒளியை மட்டும் மின்னவிட்டால் கிடைக்கும் அலை ஆளுக்கு ஆள் வேறுபடும். கட்டங்களுக்குக் கிடைக்கும் அலையோ பெரும்பாலோரிடம் ஒரே சாயலில் வரும்.

சோதனைக்கு வருபவர் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாக ஒட்டாது. மூக்கின் மேற்புறப் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் முடிச்சுவரை டேப்பால் அளக்கிறார்கள். அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, பிடரி முடிச்சுக்கு மேலே முக்கிய மின்முனை அமரும். அந்த இடத்தில் தோலை லேசாகத் தேய்த்து, பசை வைத்து ஒட்டுவார்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் திரையின் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே பார்க்க வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து கூடாது. கட்டத்தின் அளவு, கண்ணில் அது பிடிக்கும் கோணத்தால் குறிக்கப்படுகிறது. பன்னாட்டு நெறிமுறை 1 பாகை, கால் பாகை என இரண்டு அளவுகளைக் கேட்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் இவை முறையே ஏறத்தாழ 17.5, 4.4 மில்லிமீட்டர்.

கிடைக்கும் வரைபடத்தில் 75 மில்லிநொடி அளவில் ஒரு எதிர்மின் இறக்கமும், 100ஐ ஒட்டி ஒரு நேர்மின் உச்சமும், 135ஐ ஒட்டி மற்றோர் இறக்கமும் இருக்கும். நடுவிலுள்ள உச்சத்தின் பெயர் ‘பி100’. மருத்துவர் முதலில் தேடுவது இதைத்தான்.

இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தல்

இந்த எதிர்வினை பெரும்பாலும் 10 மைக்ரோவோல்ட் அளவே இருக்கும். மூளை ஓயாமல் எழுப்பும் பின்னணி அலைகளோ அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். ஹான்ஸ் பெர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைகளை வெளியிட்ட பிறகும், இத்தகைய சின்ன எதிர்வினைகள் அவற்றுக்குள் மூழ்கியே கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்த பெருமை லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் டாசனைச் சேரும். 1947இல் அவர் தூண்டலுக்குப் பிந்தைய பதிவுகளை ஒரே புகைப்படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். அடுத்து, மின்தேக்கிகளில் அலைகளைச் சேர்த்துக் கூட்டும் இயந்திரத்தை அமைத்து 1951இல் செய்து காட்டினார். தூண்டலோடு கட்டுண்ட அலை ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் எழுவதால் சராசரியில் நிலைத்து நிற்கும். தொடர்பற்ற பின்னணி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில்: 64 பதிவுகளைச் சேர்த்தால் எட்டில் ஒன்றாகும், 100 பதிவுகளுக்குப் பத்தில் ஒன்றாகும். இன்றைய கணினிகள் ஒரு நிமிடத்துக்குள் செய்யும் வேலையின் கரு டாசனுடையதுதான்.

மருத்துவத்தில் இடம்

அதே மருத்துவமனையில் மார்ட்டின் ஹாலிடே, இயன் மெக்டொனால்ட், ஜோன் முஷின் ஆகியோர் 1972இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தச் சோதனையை நரம்பியலின் நடுவே கொண்டுவந்தது. பார்வை நரம்பு அழற்சி கண்டவர்களிடம் பி100 உச்சம் பல பத்து மில்லிநொடிகள் பிந்தி வந்தது. பார்வை தெளிந்த பிறகும் அந்தத் தாமதம் நீடித்தது. மறு ஆண்டில், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளிகளில் கண்ணில் எந்தத் தொந்தரவும் கண்டிராதவர்களிடமும் தாமதம் தெரிந்தது. நோயாளியே அறியாத பழைய காயத்தை ஒரு வரைபடம் சொல்ல முடியும் என்பதே இந்தச் சோதனையின் தனிச்சிறப்பு.

இந்தத் தாமதத்துக்குக் காரணம், இந்நோய்களில் சிதையும் மயலின் உறை. பார்வை நரம்பின் இழைகளைச் சுற்றியுள்ள இக்கொழுப்புறை இருக்கும்வரை மின்துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்லும். உறை உரிந்த இடத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். ஆகவே உறை கெட்டால் முதன்மையாக நேரம் நீளும். இழைகளே அழிந்தால் உச்சம் தாழும். காசநோய்க்கு நம் நாட்டில் நாள்தோறும் கொடுக்கப்படும் எத்தாம்பியூட்டால் மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். அங்கும் இச்சோதனை கைகொடுக்கிறது. பிறவி வெளிறல் உள்ளவர்களுக்கு விழி நரம்பிழைகள் அளவுக்கு மீறி எதிர்ப்பக்கம் கடப்பதையும், இரு பக்கப் பின்மண்டைப் பதிவுகளை ஒப்பிட்டுக் கண்டறியலாம்.

தாமதம் இருப்பதைச் சொல்லும் இச்சோதனை, எதனால் என்று சொல்லாது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருந்தாலும், கண்ணாடி சரியில்லாவிட்டாலும் அலை மாறும். அதனால் கண் பரிசோதனை இல்லாமல் இந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்வது தவறு. கண் தெரியவில்லை என்பவரிடம் ஒழுங்கான அலை கிடைத்தால் அது முக்கியமான தடயம். ஆனால் வேண்டுமென்றே பார்வையை விலக்குபவர் அலையைக் கெடுக்கவும் முடியும் என்பதால், பதிபவர் திரையோடு கண்ணையும் கவனித்தபடியே இருக்கிறார். கருவி மாறினாலும் எண்கள் மாறும். பழைய குழாய்த் திரைகள் போய் எல்சிடி திரைகள் வந்தபோது, படம் தோன்றுவதில் ஏற்படும் சில மில்லிநொடித் தாமதம் பி100இலும் ஏறியது. ஆகவே ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவியில் நலமான பலரை அளந்து, தனக்கான இயல்பு அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் நலமானவருக்கும் நோய்ப்பெயர் சூட்டிவிடும் அபாயம் உண்டு.

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸைக் கண்டறியும் விதிகளுக்கு இன்று மெக்டொனால்டின் பெயரே வழங்குகிறது. எம்ஆர்ஐ பரவிய பின் அவ்விதிகளில் இச்சோதனையின் இடம் சுருங்கியது. ஆனால் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பை நோய் தாக்கும் இடங்களில் ஐந்தாவதாக ஏற்று, அதற்கான சான்றுகளில் ஒன்றாக இதையும் சேர்த்துக்கொண்டது.

வேகத் தூண்டல்

கட்டங்கள் மிக விரைவாக மாறும்போது தனித்தனி அலைகள் ஒன்று கலந்து, தூண்டலின் வேகத்திலோ அதன் மடங்குகளிலோ சீராக ஓடும். கட்டங்களைச் சில நொடிகளுக்குள் படிப்படியாகச் சிறிதாக்கி, எந்த அளவில் இந்தச் சீரலை மறைகிறது என்று பார்த்தால், எழுத்துப் பலகையை வாசிக்கத் தெரியாத கைக்குழந்தையின் பார்வைக் கூர்மையையும் மதிப்பிடலாம். சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்டோபர் டைலரும் ஆந்தனி நோர்சியாவும் இந்த வழியை வளர்த்தார்கள். அதே நகரில் எரிக் சட்டர் 64 சதுரங்கள் கொண்ட மின்திரையை அமைத்தார். ஒவ்வொரு சதுரமும் தனக்குரிய ஒழுங்கில் மின்னும். பார்ப்பவரின் பின்மண்டை அலையைக் கொண்டு, அவர் எந்தச் சதுரத்தைப் பார்க்கிறார் என்று கணினி அறியும். உடல் முழுவதும் தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயாளி ஒருவர், தலைக்குள் பொருத்திய மின்முனைகளின் உதவியால் இதைக் கொண்டு நிமிடத்துக்கு 10 முதல் 12 சொற்கள்வரை எழுதியதாக சட்டர் 1992இல் பதிவு செய்தார்.