மான்கொம்பின் இயல்பற்ற வளர்ச்சி

மான்கொம்பின் இயல்பற்ற வளர்ச்சி என்பது ஆண் மானின் கிளைக்கொம்பு கோணியோ, மிகைக் கிளைகளுடனோ, ஒருபுறம் குன்றியோ வளர்வதாகும். காவிரிப் படுகையின் தென்கோடியில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், 1967-ஆம் ஆண்டு கோடியக்கரை காட்டுயிர் உய்விடம் அமைக்கப்பட்டது. அங்கு வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. உய்விடம் வெளிமானுக்காகவே ஏற்பட்டதெனினும், கிளைக்கொம்பு உடையது புள்ளிமானே. வெளிமானின் முறுக்குக் கொம்பு எலும்பின்மேல் நகப்பொருள் உறை கொண்டது, உதிராதது. புள்ளிமானின் கொம்போ முழுதும் எலும்பு. உதிர்ந்து மீண்டும் முளைப்பது.

புள்ளிமானின் கொம்பொன்றில் பொதுவாக மூன்று முனைகள் இருக்கும். வளரும் காலத்தில் இரத்த நாளங்கள் நிறைந்த மென்மயிர்த் தோல் அதனை மூடியிருக்கும். அப்போது அடிபட்டால் கொம்பு கோணும். எனினும் அடுத்த கொம்பு பெரும்பாலும் சீராக முளைக்கும். கொம்பைத் தாங்கும் மண்டையோட்டுத் தண்டு சிதைந்தால் குறை தொடரக்கூடும். விதைகள் சிதைந்து ஆண் இயக்குநீர் (டெசுட்டோசுத்தெரோன்) குன்றினால் தோல் உரியாது. கொம்பு கட்டிகட்டியாகப் புடைக்கும். கொம்பின் பருமன் அகவை, உணவு, மரபு ஆகியவற்றைப் பொறுத்தது.

வட அமெரிக்காவில் வெண்வால் மானின் இத்தகைய கொம்புகளை வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்புவர். பூன் அண்ட் கிராக்கெட் கழகம் அவற்றைத் தனி வகையாகவே அளந்து பதிவு செய்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்விரு மான்களையும் வேட்டையாடுவது குற்றமாகும்.