திருவாசகம் (இளையராஜா இசைத்தொகுப்பு)

திருவாசகம் என்பது இளையராஜா இசையமைத்து 2005 ஆம் ஆண்டில் வெளியான, திரைப்படம் சாராத இசைத்தொகுப்பு ஆகும். மாணிக்கவாசகர் இயற்றிய திருவாசகத்தின் 6 பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பாடல்கள், மேற்கத்திய முழு இசைக்குழுவுடனும் சேர்ந்திசைக் குரல்களுடனும் இதில் இசைக்கப்பட்டுள்ளன. "திருவாசகம் சிம்பொனி" என்றே இது மக்களிடையே பரவலாக அறியப்படுகிறது. வெளியான காலத்தில், தமிழ்ப் பக்தி இலக்கியத்தை எவ்வாறு இசைக்கலாம், யார் இசைக்கலாம் என்பது குறித்து மாறுபட்ட கருத்துகளை இத்தொகுப்பு தோற்றுவித்தது.

இசை: இளையராஜா
மூலப் பாடல்கள்: மாணிக்கவாசகர்
ஆங்கிலப் பாடல் வரிகள்: ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ்
இசைக்குழு: புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு
இசைக்குழு நடத்துநர்: லாஸ்லோ கோவாச்
வெளியீடு: தமிழ் மையம், 2005

பின்னணி

திருவாசகம் சைவத் திருமுறைகளுள் எட்டாவதாக வைத்து எண்ணப்படுகிறது. 51 பகுதிகளைக் கொண்ட இந்நூலை இயற்றிய மாணிக்கவாசகர், மதுரைக்கு வடகிழக்கே மேலூரை அடுத்துள்ள திருவாதவூரில் பிறந்தவர். பாண்டிய மன்னனிடம் அமைச்சராக இருந்தவர். குதிரை வாங்கக் கொண்டு சென்ற அரசுப் பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டார் என்பதும், அவர் பொருட்டு இறைவன் நரிகளைப் பரிகளாக்கினான் என்பதும் மரபுச் செய்திகள். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும், புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகின்றன. இவ்விழாவுக்காக மாணிக்கவாசகர் திருவாதவூரிலிருந்து மதுரைக்கு எழுந்தருள்வது வழக்கம். எனவே மதுரை வட்டாரத்தைப் பொறுத்தவரை திருவாசகம் ஏட்டில் உள்ள நூல் மட்டுமன்று. விழாவாகவும் ஊர் நினைவாகவும் வாழ்வது.

இளையராஜாவின் பிறப்பிடமான பண்ணைப்புரம், அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது; இப்போது தேனி மாவட்டத்தில் உள்ளது. 1976 இல் "அன்னக்கிளி" மூலம் திரைக்கு வந்த அவர், திரைக்கு வெளியிலும் சோதனை முயற்சிகளை மேற்கொண்டார். தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 1986 இல் வெளியிட்ட "ஹவ் டு நேம் இட்", ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை மையமாகக் கொண்டு 1988 இல் வந்த "நத்திங் பட் விண்ட்" ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவ்விரண்டும் கருவியிசைத் தொகுப்புகள். அனைவரும் மதிக்கும் சமயப் பாடல்களைக் கொண்டு பெரும் இசைக்குழுவுக்கு எழுதியது திருவாசகத் தொகுப்பின் வேறுபாடாகும்.

இதனை வெளியிட்ட தமிழ் மையம், கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜ் நிறுவிய அமைப்பாகும். இசைக்குழுவின் பகுதிகள் அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டின் கலைஞர்களால் வாசிக்கப்பட்டன. தொகுப்பின் பெரும்பகுதியை இளையராஜாவே பாடியுள்ளார். ஆங்கிலப் பகுதிகளை ராய் ஹார்கோர்ட் பாடினார். பவதாரிணி உள்ளிட்ட பாடகர்களும் பங்கேற்றனர். வெளியீட்டை ஒட்டி அரசியல் தலைவர் வைகோ திருவாசகம் பற்றி ஆற்றிய உரை பலராலும் பேசப்பட்டது.

பாடல்கள்

தொகுப்பில் இடம்பெற்றுள்ள பகுதிகள் வருமாறு:

1. திருக்கோத்தும்பி - வண்டை விளித்து, இறைவனிடம் சென்று ஊதுமாறு வேண்டுவது.
2. சிவபுராணம் - 95 அடிகள் கொண்ட கலிவெண்பா. இதன் ஒரு பகுதி மட்டும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆங்கில வரிகளும் இதில் கலந்து வருகின்றன.
3. யாத்திரைப் பத்து - அடியார்களைப் பயணத்துக்கு ஒருப்படுமாறு அழைப்பது.
4. பிடித்த பத்து - இறைவனை விடாது பற்றிக்கொண்டதைக் கூறுவது.
5. திருப்பொற்சுண்ணம் - மகளிர் நறுமணப் பொடி இடிக்கும்போது பாடும் பாடலின் அமைப்பில் அமைந்தது.
6. அச்சப்பத்து - உலகோர் அஞ்சும் பொருள்களுக்கு அஞ்சாமல், அன்பிலாரைக் கண்டே அஞ்சுவதாகக் கூறுவது.

கேட்போர் கருத்துகள்

தொகுப்பை வரவேற்றோர் முதன்மையாகச் சுட்டியது சிவபுராணப் பகுதியை ஆகும். உயிர் பல பிறவிகளில் உழன்று இளைத்ததை மாணிக்கவாசகர் கூறும் இடம், தனிக்குரலில் தொடங்கிச் சேர்ந்திசையாகவும் இசைக்குழுவின் முழக்கமாகவும் வளர்வது, பாட்டின் பொருளையே இசையாக்கியதாக அவர்கள் கருதினர். திருமுறைகளை அதுவரை நாடாத இளைஞர்கள் இதனைக் கேட்ட பின் மூல நூலைத் தேடிப் படித்தனர் என்பது இத்தரப்பினர் முன்வைக்கும் வலுவான வாதம். திருப்பொற்சுண்ணத்தின் துள்ளல் நடை, இடிப்பாட்டின் இயல்புக்குப் பொருந்துவதாகவும் பாராட்டப்பட்டது.

மறுத்தோரின் கருத்துகள் ஒரே வகையின அல்ல. அவற்றைப் பின்வருமாறு பகுக்கலாம்.

பண் மரபு: ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது நெடுநாளைய வழக்கம். மார்கழி விடியலில் திருவெம்பாவையைக் கேட்டுப் பழகியோருக்கு, அந்த ஓதுமுறையின் நிதானமும் தனிமையும் பேரிசைக்குழுவின் ஒலியில் மறைந்துவிட்டதாகத் தோன்றியது. இதற்கு மறுமொழியாக, தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டிருப்பது போலத் திருவாசகத்துக்கு வகுக்கப்படவில்லை என்றும், ஆகவே புதிய இசை மரபு மீறல் ஆகாது என்றும் கூறப்பட்டது.

ஆங்கில வரிகள்: தமிழ்ப் பாடலின் நடுவே ஆங்கிலம் வருவது ஓட்டத்தைக் குலைப்பதாகச் சிலர் குறை கூறினர். பிறமொழியினரும் பொருளுணர இது உதவும் என்று மற்றவர்கள் கூறினர். ஜி. யு. போப் 1900 இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது இவ்விடத்தில் அடிக்கடி சுட்டப்பட்டது.

சமயம்: சைவ நூல் ஒன்றின் இசையாக்கத்தைக் கிறித்தவக் குரு ஒருவரின் அமைப்பு முன்னெடுத்தது சிலருக்கு ஐயத்தையும் சிலருக்கு மகிழ்ச்சியையும் அளித்தது.

எதிர்பார்ப்பு: இளையராஜாவின் திரைப்பாடல்களைப் போன்று உடனே மனத்தில் பதியும் மெட்டுகளை எதிர்பார்த்தோர், நீண்ட பாடல்களையும் அடிக்கடி மாறும் நடைகளையும் கண்டு ஏமாற்றம் அடைந்தனர். மேற்கத்திய செவ்விசையில் பழகியோரில் சிலர் இதற்கு நேர்மாறாக, இது திரையிசையின் சாயலிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை என்றனர்.

சமயப் பாடலைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவரும்போது இத்தகைய எதிர்ப்பு எழுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஹேண்டலின் "மெசையா" 1743 இல் இலண்டனில் அரங்கேறியபோது, விவிலிய வாசகங்களை நாடக அரங்கில் பாடலாமா என்று அங்கும் கேட்கப்பட்டது. பிற்காலத்தில் அதே படைப்பு தேவாலயங்களிலும் பாடப்படுவதாயிற்று.

பெயர் பற்றிய விவாதம்

சிம்பொனி என்பது பொதுவாகப் பல இயக்கங்களாகப் பகுக்கப்பட்டு, இசைக்குழுவுக்காக எழுதப்படும் கருவியிசை வடிவம். பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி (1824) போன்று குரலிசை இடம்பெறும் சிம்பொனிகளும் உண்டு. எனினும் சமயப் பாடல்களைத் தனிக்குரல், சேர்ந்திசை, இசைக்குழு ஆகியவற்றுக்கு எழுதும் வடிவம் ஓரடோரியோ எனப்படும். இதனடிப்படையில் இத்தொகுப்பை ஓரடோரியோ என்பதே பொருத்தம் என இசை அறிந்தோர் பலர் கருதினர். தொகுப்பின் உறையிலும் இது செவ்விசையும் பிற இசையும் கலந்த படைப்பு என்ற பொருளிலேயே குறிக்கப்பட்டிருந்தது. இருப்பினும் சிம்பொனி என்ற பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது. அப்பெயர் உருவாக்கிய எதிர்பார்ப்பைக் கொண்டே பலர் தொகுப்பை அளந்தனர் என்பதால், இது வெறும் சொல் விவாதமாக அமையவில்லை.

பிற்கால நிலை

இத்தொகுப்பு சிவபுராணத்தின் ஓதுமுறையை மாற்றவில்லை. கோயில்களில் ஓதுவார் மரபும், ஒலிப்பதிவில் இளையராஜாவின் இசையும் ஒன்றையொன்று விலக்காமல் நிலவுகின்றன. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் "வேலியண்ட்" என்னும் சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு அரங்கேற்றியபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய திருவாசகத் தொகுப்பும் மீண்டும் நினைவுகூரப்பட்டது. முன்னது மேற்கத்திய வடிவத்தை அதன் இலக்கணப்படி ஏற்றது. பின்னது அவ்வடிவத்தின் கருவிகளைக் கொண்டு ஒரு தமிழ் நூலைப் பாடியது. பெயர் எதுவாயினும், பின்னதன் மதிப்பு அது சிம்பொனியா அன்றா என்பதில் இல்லை, மாணிக்கவாசகரின் சொற்கள் அதில் கேட்கின்றனவா என்பதில்தான் உள்ளது என்பது அதனை விரும்புவோரின் நிலைப்பாடு.

இவற்றையும் பார்க்க

மாணிக்கவாசகர்
திருவாதவூர்
சிவபுராணம்
ஆவணி மூலத் திருவிழா
ஓரடோரியோ