செரிமான நோயாளிகளும் மருத்துவமனை ஊட்டக்குறைவும்

நோயாளி மருத்துவமனையில் சேரும்போதே உடலில் சத்துக் குறைந்திருப்பதும், சேர்ந்த பின் அது மேலும் குறைவதும் மருத்துவமனை ஊட்டக்குறைவு எனப்படும். இரைப்பை, குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றில் நோயுள்ளவர்களிடம் இது மிகுதி. உண்டால் வலிக்கும், அல்லது உண்டது வாந்தியாகும். வயிற்றில் தங்கினாலும் குடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது.

இதன் ஆபத்தை எண்ணால் காட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அறுவை மருத்துவர் ஹைரம் ஸ்டட்லி. அக்காலத்தில் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான கிருமி அறியப்படவில்லை. சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915-இல் வெளியிட்ட முறைப்படி, மணிக்கொருமுறை பாலும் பாலேடும், இடையிடையே அமிலத்தைத் தணிக்கும் பொடியும் கொடுத்தார்கள். அதற்கும் ஆறாவிட்டால் அறுவை சிகிச்சைதான். அந்த நிலைக்கு வருவதற்குள் பலர் மெலிந்துபோயிருந்தனர்.

அவ்வாறு அறுவை செய்துகொண்ட 46 பேரின் விவரங்களை ஸ்டட்லி 1936-இல் வெளியிட்டார். வழக்கமான எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூவருக்கு ஒருவர் இறந்தார். அதைவிடக் குறைவாக இழந்தவர்களிடையே இறப்பு 3.5 விழுக்காடே. எண்ணிக்கை சிறியதுதான், வேறுபாடு பெரியது.

அவர் கணக்கிட்டது கிலோவை அல்ல, விழுக்காட்டை என்பதைக் கவனிக்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் 48 ஆனால் பார்த்தவுடனே தெரியும். 90 கிலோ இருந்தவர் 72 ஆனால் "நன்றாகத்தானே இருக்கிறார்" என்போம். இருவரும் இழந்தது ஐந்தில் ஒரு பங்கு. கண் ஏமாறும் இடம் இதுவே.

வாயால் உண்ண இயலாதவருக்கு வழி பிறக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் முதலில் நாய்க்குட்டிகளையும், பின்னர் 1967-இல் சிறுகுடலின் பெரும்பகுதி இல்லாத ஒரு பச்சிளங்குழந்தையையும் பெரிய சிரை வழியாகச் செலுத்திய சத்துக்கரைசலாலேயே வளர்த்துக் காட்டினர்.

கருவி வந்தது, கவனம் வரவில்லை. 1974-இல் அலபாமா மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த் எழுதிய கட்டுரை மருத்துவமனைகளையே குற்றஞ்சாட்டியது. நோயாளியின் உயரமும் எடையும் குறிக்கப்படுவதில்லை. சோதனைக்கென்று வேளை உணவு நிறுத்தப்படுகிறது. நாள்கணக்கில் வெறும் குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றப்படுகிறது என்றார் அவர். குடல்நோயாளிக்குத்தான் வெறும் வயிற்றுச் சோதனைகள் அதிகம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில்கூட மருத்துவ ஆய்வு நாளன்று பிள்ளைகளை எடைபார்த்து எழுதிவைப்போம்!

1994-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில், பல பிரிவுகளில் சேர்ந்த 500 நோயாளிகளை ஆராய்ந்தபோது 200 பேர் ஊட்டக்குறைவுடன் இருந்தனர். அவர்களில் பாதிப்பேரின் பதிவேட்டில்கூட உணவுநிலை பற்றிய குறிப்பு இல்லை. பிரிட்டனில் 2003-இல் வெளியான பொதுச் சோதனைப் படிவம் உடல் நிறை குறியீட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, கடந்த மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகக் குறைந்த எடை எத்தனை விழுக்காடு என்பதையே.