மதர்போர்டு எந்த பிராண்ட் வாங்கலாம்? தருமபுரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் மாணவர்கள், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என பலரும் புது சிஸ்டம் அசெம்பிள் செய்யும் யோசனையில் இருக்கிறார்கள்.

கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த கம்பெனி போர்டு நல்லா உழைக்கும்?"

நியாயமான கேள்விதான். ரேம் போனால் ரேமை மட்டும் மாற்றலாம். மதர்போர்டு போனால் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும். அதிலும் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். தருமபுரி நகரில் இருந்து சேலம் சுமார் 65 கி.மீ., பெங்களூரு சுமார் 130 கி.மீ. வாரண்டிக்காக இரண்டு முறை அலைந்தால், விலையில் மிச்சம் பிடித்த பணம் பஸ் செலவிலேயே போய்விடும்.

அப்போ எதை நம்பி வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

சந்தையில் இருக்கும் பிராண்டுகள் எவை?

வீட்டு கம்ப்யூட்டருக்கான மதர்போர்டு சந்தையில் பெரிய பெயர்கள் நான்கு: ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக். நான்குமே தைவான் நிறுவனங்கள். ஜிகாபைட்டும் எம்எஸ்ஐயும் 1986-லும், ஏசுஸ் 1989-லும் தொடங்கப்பட்டவை. ஏஎஸ்ராக், ஏசுஸில் இருந்து 2002-ல் பிரிந்து வந்த நிறுவனம். பயோஸ்டார் என்ற இன்னொரு தைவான் பிராண்டும் இருக்கிறது. இவை தவிர, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் போன்ற இந்திய பிராண்டுகளும் குறைந்த விலையில் போர்டு விற்கின்றன.

"ஒரிஜினல் இன்டெல் போர்டு" கிடைக்குமா?

பழைய ஆட்கள் இன்னமும் "இன்டெல் போர்டுதான் வேணும்" என்று கேட்பது உண்டு. டெஸ்க்டாப் மதர்போர்டு தயாரிப்பில் இருந்து வெளியேறுவதாக இன்டெல் 2013 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இன்று ஒரு கடையில் "இன்டெல் போர்டு" என்று சொன்னால், அதில் இருப்பது இன்டெல் சிப்செட் என்றுதான் அர்த்தம். போர்டைத் தயாரித்தது யார் என்று தனியாகக் கேளுங்கள்.

தப்பே செய்யாத பிராண்ட் உண்டா?

இல்லை என்பதுதான் நேர்மையான பதில். கடந்த சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

- ஏசுஸ்: 2023-ல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகிய புகார்கள் வந்தன. அதில் அதிகம் அடிபட்டது ஏசுஸ் போர்டுகளின் பெயர். பிராசஸருக்குள் ஒரு பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் புது பயாஸ் வெளியிடப்பட்டது.
- ஜிகாபைட்: இதன் 271 மாடல்களில் இருந்த தானியங்கி அப்டேட் வசதி பாதுகாப்பில்லாத முறையில் கோப்புகளை இறக்குவதாக எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதம் கண்டறிந்தது. பிறகு ஜிகாபைட் புது பயாஸ் கொடுத்தது.
- எம்எஸ்ஐ: 2023-ல் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. பயாஸ் உண்மையானதா என்று உறுதி செய்யப் பயன்படும் ரகசிய டிஜிட்டல் சாவிகள் சில வெளியே கசிந்தன.
- ஏஎஸ்ராக்: ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர்கள் செயலிழந்ததாக 2025-ல் வந்த புகார்களில் பெரும்பாலானவை ஏஎஸ்ராக் போர்டில் இருந்தவை. இந்த நிறுவனமும் புது பயாஸ் வெளியிட்டது.

இன்டெல் பிராசஸர்களுக்கும் இந்தக் கதை உண்டு. 13, 14-வது தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில் 2024-ல் வந்த கோளாறுக்கு இன்டெல் கொடுத்த திருத்தம், மதர்போர்டின் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரச்சினை எல்லா பிராண்டுக்கும் வருகிறது. ஆனால் வந்த பிறகு புது பயாஸ் போட்டு சரிசெய்ய ஒரு நிறுவனம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். பெயர் தெரியாத போர்டு வாங்கினால், அந்த அப்டேட்டை எங்கே தேடுவது என்றே தெரியாது.

அப்படின்னா போர்டில் எதைப் பார்க்கணும்?

பிராண்டைவிட மாடல் முக்கியம். ஒரே நிறுவனம் மலிவான போர்டும் விற்கிறது, பல மடங்கு விலை அதிகமான போர்டும் விற்கிறது. இரண்டிலும் ஒரே லோகோதான் இருக்கும், உள்ளே இருக்கும் பாகங்கள் வேறு. கவனிக்க வேண்டியவை இவை:

1. சாக்கெட். பிராசஸர் உட்காரும் இடம் இது. இன்டெல் 12, 13, 14-வது தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் பழையது ஏஎம்4, புதியது ஏஎம்5. பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். 2017-ல் ரைசனோடு பிரபலமான ஏஎம்4-க்கு 2025-லும் புது பிராசஸர்கள் வந்தன. ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

2. விஆர்எம். எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவை சுமார் 1 வோல்ட். இடையில் இறக்கிக் கொடுக்கும் பகுதிதான் விஆர்எம். பிராசஸரைச் சுற்றி சின்னச் சின்ன கறுப்பு சதுரங்களாக இருக்கும். 1 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் பிராசஸருக்கு 100 ஆம்பியர் பாய வேண்டும். இந்தப் பகுதி சூடாவதற்குக் காரணம் இதுதான்.

ஐ3-12100 பிராசஸர் உச்சத்தில் 89 வாட் எடுக்கும். அதற்கு சாதாரண எச்610 போர்டு போதும். ஐ7-14700-க்கு அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் உச்சத்தில் 219 வாட் வரை போகும். அதைக் கொண்டுபோய் விஆர்எம் மேல் ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவு போர்டில் உட்கார வைத்தால், வீடியோ எடிட்டிங் நேரத்தில் வேகம் குறையும், போர்டின் ஆயுளும் குறையும். போர்டு சூடு தாங்கவில்லை என்று பிராண்டைத் திட்டுவோம். தப்பு நாம் சேர்த்த ஜோடியில் இருக்கும்.

3. ரேம். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 மட்டும்தான், ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் பொருந்தும். எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் உண்டு. மாடல் பெயரில் டி4 என்று இருந்தால் டிடிஆர்4. ரேம் விலை 2025 கடைசியில் இருந்து கடுமையாக ஏறியிருப்பதால், கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் அதற்கேற்ற போர்டு வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

4. பயாஸ். போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் புது பிராசஸரை அடையாளம் காணாமல் போகலாம். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் வசதி உள்ளதா என்று பாருங்கள். ஏசுஸில் பயாஸ் ஃப்ளாஷ்பேக், ஜிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ் ப்ளஸ், எம்எஸ்ஐயில் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் என்று பெயர். எல்லா மாடலிலும் இது இருக்காது.

புது எச்61 போர்டு 'புதுசு'தானா?

குறைந்த விலையில் எச்61, எச்81 போர்டுகள் சீல் பிரிக்காத பெட்டியில் கிடைக்கின்றன. பெட்டி புதுசு. ஆனால் எச்61 என்பது 2011-ல் வந்த சிப்செட், எச்81 என்பது 2013-ல் வந்தது. இவற்றில் போடும் 2, 3, 4-வது தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ பட்டியலில் இல்லை. இன்டெல்லில் பெரும்பாலும் 8-வது தலைமுறையில் இருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது.

கையில் இருக்கும் பழைய பிராசஸரும் ரேமும் வீணாகக் கூடாது, பில்லிங் மட்டும் ஓடினால் போதும் என்றால் இந்த போர்டு உதவும். மகன் அல்லது மகளின் இன்ஜினியரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் ஓட வேண்டிய கம்ப்யூட்டர் என்றால் வேண்டாம்.

எஸ்.பி. ரோடா, ரிச்சி ஸ்ட்ரீட்டா, உள்ளூர் கடையா?

தருமபுரிக்காரர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். சிலர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போவார்கள். விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே கேட்க வேண்டியது விலையை மட்டும் அல்ல.

- ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளுக்கு இந்தியாவில் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி. மலிவு பிராண்டுகளில் 1 ஆண்டுதான் இருக்கலாம். பெட்டியிலும் பில்லிலும் உறுதி செய்யுங்கள்.
- நிறுவனத்தின் இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் பட்டியலைத் திறந்து சேலம், பெங்களூரு, கிருஷ்ணகிரி என்று தேடுங்கள். உங்களுக்கு பக்கத்தில் சென்டர் வைத்திருக்கும் பிராண்டுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூரியரில் அனுப்பலாமா, செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.
- "பில் இல்லாம வாங்கினா குறையும்" என்பார்கள். வரிக்கு முன் 8,000 ரூபாய் போர்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,440 ரூபாய். அதை மிச்சப்படுத்தப் போய் 3 ஆண்டு வாரண்டியை இழக்க வேண்டாம். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.
- எல்ஜிஏ, ஏஎம்5 போர்டுகளில் மெல்லிய பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும். ஒரு பின் வளைந்தாலும் வாரண்டி கிடைக்காது. கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து போட்டோ எடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

உள்ளூர் கடையில் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், வாரண்டிக்கு அவர்களே அனுப்பி வாங்கித் தருவார்கள் என்றால் அது லாபம்தான். அந்த வாக்கை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நல்ல போர்டும் ஏன் சீக்கிரம் போகுது?

பல வீடுகளில் காரணம் கரண்ட். மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேராது. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பது இதற்கான அடையாளம். நல்ல எர்த் குழி இருந்தாலும், கோடையில் மண் காய்ந்தால் அதன் திறன் குறையும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள், வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு இடியும் வரும். அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். இன்டர்நெட் லேன் கேபிளையும் கழற்றுங்கள். அந்த வழியாக வரும் மின் அதிர்ச்சியிலும் போர்டு போகும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ், ஒரு யுபிஎஸ் இரண்டுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். விலை உயர்ந்த போர்டும் மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல சேர்க்கை அல்ல.

வாரண்டி தர மறுத்தால்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய போர்டுக்கு தருமபுரியிலேயே மனு கொடுக்க முடியும் என்று அர்த்தம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை ஆதாரம் பில்.

பணம் கொடுக்கும் முன்...

- முதலில் பிராசஸரை முடிவு செய்யுங்கள், பிறகு போர்டு.
- போர்டின் முழு மாடல் பெயரை எழுதிக்கொண்டு, நிறுவன இணையதளத்தில் உங்கள் பிராசஸர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.
- அதே பக்கத்தில் கடைசி பயாஸ் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். பல ஆண்டுகளாக எதுவும் வரவில்லை என்றால் யோசியுங்கள்.
- இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.
- சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், வாரண்டி எத்தனை ஆண்டு, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள்.

ஏசுஸா, ஜிகாபைட்டா, எம்எஸ்ஐயா, ஏஎஸ்ராக்கா என்ற விவாதம் முடியாது. நான்கிலும் நல்ல போர்டும் இருக்கிறது, சுமாரான போர்டும் இருக்கிறது. உங்கள் பிராசஸருக்குப் பொருந்துகிற மாடலை இந்த நான்கில் தேர்ந்தெடுத்து, அதில் யாருடைய சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்குப் பக்கம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். அதில் ஒன்றை வாங்குங்கள்.