குடத்துக்குள் ஒரு கணக்கு



சீட்டுக் குலுக்கும்போது பெயர்களை எழுதி மடித்து, டப்பாவில் போட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். குழந்தைக்குச் சூது தெரியாது என்பதே காரணம். இந்த முறைக்கு ஆயிரம் ஆண்டைக் கடந்த சான்று கல்லிலே இருக்கிறது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது 30 பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபை முழுவதும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டினார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும்!

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? கணக்கைப் பார்ப்போம். குடத்தில் 10 ஓலை இருந்தால், ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 10இல் 1. ஒருவர் தம் பெயரில் இன்னோர் ஓலையைக் கள்ளமாக நுழைத்துவிட்டால், அவருக்கு 11இல் 2. மற்றவர்களுக்கு 11இல் 1தான். நமக்கு வேண்டியவை எத்தனை, மொத்தம் எத்தனை என்று எண்ணி வகுப்பதையே நிகழ்தகவு என்கிறோம்.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அங்கு ஓலை எழுதினார்கள். நிலமில்லாத உழவரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. இல்லாத ஓலைக்கு வாய்ப்பு சுழியம். குலுக்கல் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. குடத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும்.

இந்தக் கணக்கை நூலாக வளர்த்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஜேக்கப் பெர்னூலி. அவர் இறந்து 8 ஆண்டுகளுக்குப் பின், 1713இல் அந்நூல் வெளிவந்தது. ஒரு தாழியில் 3,000 வெள்ளைக் கூழாங்கற்களும் 2,000 கறுப்புக் கூழாங்கற்களும் இருப்பதாகக் கொள்வோம் என்றார் அவர். பாராமல் எடுத்தால் வெள்ளை வரும் வாய்ப்பு 5இல் 3. எடுத்த கல்லைத் திரும்பப் போட்டுப் பலமுறை எடுக்க எடுக்க, விடை அந்த அளவை நெருங்கும் என்று நிறுவினார்.

ஆனால் அடுத்த கல் எது என்று அவர் சொல்லவில்லை. கறுப்பு 5 முறை தொடர்ந்து வந்தாலும், 6ஆம் முறை வெள்ளைக்கு அதே 5இல் 3தான். தாழிக்கு ஞாபகம் கிடையாது.

நாலு நம்பர் எடுப்போர் இதைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். 0000 முதல் 9999 வரை 10,000 ஓலை கொண்ட குடம் அது. கனவில் வந்த எண்ணோ, காரில் பார்த்த எண்ணோ, முதல் பரிசுக்கு வாய்ப்பு 10,000இல் 1. "ரொம்ப நாளாக வராத நம்பர், இந்த வாரம் விழும்" என்பது வெறும் ஆசை.

ஆகவே நேயர்களே, சம்பளப் பணத்தை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்போம். குடத்தில் மொத்தம் எத்தனை ஓலை? அதில் நம் ஓலை எத்தனை? பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையே விடை சொல்லிவிடும்.